செருப்பைப் பாட்டாக மாற்றுவது எப்படி: தேவதைக் கதையிலிருந்து ஒரு பதின்வயது இசைப்படம் – முழுமையான வழிகாட்டி

சிண்ட்ரெல்லா கதையை இன்றைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, பாட்டும் ஆட்டமுமாகப் படம் எடுக்கலாம் என்று பிள்ளைகள் கிளம்பினால், முதல் நாளே பொருள் மாற்றம் தொடங்கிவிடும். பூசணிக்காய் வண்டி காராகும், அரண்மனை விருந்து ஆண்டு விழாவாகும், கண்ணாடிச் செருப்பு கைபேசியாகும். 2004-ல் வந்த 'எ சிண்ட்ரெல்லா ஸ்டோரி' படத்தில் நாயகி விட்டுவிட்டு ஓடுவது கைபேசியைத்தான். முகம் தெரியாமல் செய்தி அனுப்பிப் பழகிய இருவரின் கதை என்பதால் அங்கே அது பொருந்தியது. நாம் எடுக்கப்போவது இசைப்படம். இங்கே அந்தச் செருப்பு ஒரு பாட்டாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

அரை மணி நேரப் படம், ஏழெட்டு நடிகர்கள், ஒரு கேமரா, கைவசம் இருக்கும் இசைக்கருவிகள். இந்த அளவை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய படம் என்றாலும் வரிசை இதுதான்.

படி 1: பழைய கதையைப் பழைய இடத்திலேயே போய்ப் படியுங்கள்

சிறுவயதில் பார்த்த கார்ட்டூனை நினைவிலிருந்து எடுத்து எழுதாதீர்கள். அது யாரோ ஏற்கெனவே மாற்றி எழுதிய கதை. மூலத்துக்குப் போனால் உங்களுக்கு இன்னும் நிறையக் கிடைக்கும்.

கண்ணாடிச் செருப்பு, பூசணிக்காய் வண்டி, தேவதை, நள்ளிரவுக் கெடு எல்லாம் 1697-ல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட கதையில் வருபவை. 1812-ல் கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் முதலில் அச்சிட்டு, 1819-ல் திருத்தி வெளியிட்ட கதையைத் திறந்தால் தேவதையே கிடையாது. அந்தப் பெண் தன் அம்மாவின் கல்லறையில் ஒரு ஹேசல் கிளையை நட்டு, கண்ணீரால் நனைத்து வளர்க்கிறாள். அந்த மரம்தான் அவளுக்கு உடையும் செருப்பும் தருகிறது. அதாவது வரம் தருவது இறந்துபோன அம்மா. அங்கே நள்ளிரவு மணியும் இல்லை. அவள் தானாகவே ஓடுகிறாள். மூன்றாம் நாள் இளவரசன் படிக்கட்டில் தார் பூசிவைத்து அவளுடைய தங்கச் செருப்பை ஒட்டவைக்கிறான். அந்தச் செருப்புக்குள் நுழைய ஒரு சகோதரி கால்விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை வெட்டிக்கொள்கிறாள். இதற்கெல்லாம் பல நூற்றாண்டு முன்பே, 9-ம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியான் கதையில், ஒரு மீனின் எலும்புகள் வரம் தருகின்றன. அங்கேயும் தங்கச் செருப்பு உண்டு.

இரண்டு வடிவங்களைப் படித்தாலே, கதையில் எது மாறினாலும் பரவாயில்லை, எது மாறவே கூடாது என்று தெரிந்துவிடும். தேவதை மாறலாம், மணி மாறலாம். அவளுக்கு மட்டும் பொருந்துகிற ஒன்று, அதைத் தேடிவரும் ஒருவன், அதற்குள் தன்னைத் திணித்துக்கொள்ளப் பார்க்கும் இன்னொருத்தி ஆகியவை மாறக் கூடாது.

உரிமை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரோவின் கதையும் கிரிம் சகோதரர்களின் கதையும் எல்லோருக்கும் பொது. ஆனால் பின்னால் வந்த படங்கள் புதிதாகச் சேர்த்த பாத்திரங்கள், பெயர்கள், பாட்டுகள் அந்தந்தப் படத்துக்கே சொந்தம். சமீபத்திய மொழிபெயர்ப்பின் வாசகங்களும் அப்படித்தான். பிரபலமான பாட்டைப் படத்தில் வைக்க நினைத்தால் மெட்டுக்கும் வரிக்கும் ஓர் அனுமதி, அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னோர் அனுமதி வேண்டும். சொந்தமாக மெட்டுப் போடுவதே நல்லது.

படி 2: பொருளைப் பார்க்காதீர்கள், அது செய்யும் வேலையைப் பாருங்கள்

ஒரு தாளில் கதையின் முக்கியப் பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது கதையில் என்ன வேலை செய்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். செருப்பு: சாட்சி. நள்ளிரவு: பழைய நிலைக்குத் தள்ளும் கணம். பூசணி வண்டி: போக முடியாத இடத்துக்குப் போக வழி. தேவதை: அவளை நம்பும் ஒரே ஆள். விருந்து: எல்லோரும் சமமாக நிற்கும் ஒரே இரவு.

இப்போது பொருளை அழித்துவிட்டு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை இன்றைய உலகத்தில் எது செய்யும் என்று யோசியுங்கள். இதற்கு ஒரு முழு நாள் கொடுத்தாலும் தகும். அவசரப்பட்டால் மறுபடி காரும் கைபேசியும்தான் வந்து நிற்கும்.

சித்தியையும் இந்தத் தாளில் சேருங்கள். பழைய கதையில் அவள் கெட்டவள், அவ்வளவுதான். இன்றைய பதின்வயதுப் பார்வையாளருக்கு அது போதாது. அவள் ஏன் இந்தப் பெண்ணை அடக்குகிறாள் என்பதற்கு ஒரு மனிதக் காரணம் வேண்டும், அதுவும் இசையோடு தொடர்புள்ள காரணமாக இருந்தால் நல்லது.

படி 3: கதையைக் கட்டுங்கள்

எப்படி என்று காட்ட ஒரு மாதிரிக் கதையை இங்கேயே கட்டிப்பார்க்கிறேன்.

நாயகியின் அம்மா பாடகி, இறந்துவிட்டார். சித்தி வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துகிறாள். வீட்டில் ஒரே ஒரு தாலாட்டை மட்டும் யாரும் பாடக் கூடாது. அது அம்மாவின் பாட்டு. அதைக் கேட்டால் அந்த வீட்டில் தான் இரண்டாவதாக வந்தவள் என்பது சித்திக்கு நினைவு வந்துவிடும். இப்போது கிரிம் கதையின் கல்லறை மரம் தாலாட்டாக மாறிவிட்டது பாருங்கள். அம்மாதான் வரம் தருகிறாள், ஆனால் மெட்டு வழியாக.

பள்ளி இசை விழா. சித்தியின் சொந்த மகள் மேடையில். நாயகி திரைக்குப் பின்னால் கேபிள் சுற்றிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று மின்சாரம் போகிறது. ஸ்பீக்கர் செத்துவிட்டது, கீபோர்டு செத்துவிட்டது. கூட்டத்தில் கூச்சல். அந்த இருட்டில் தன்னைத் தேற்றிக்கொள்ள அவள் அம்மாவின் தாலாட்டை மெல்ல முனகுகிறாள். குரல் வெளியே போகிறது, கூச்சல் அடங்குகிறது. திரைக்கு அந்தப் பக்கம் சாதாரண மரக் கிட்டாரோடு நிற்கும் பையன் ஒருவன் அவளோடு சேர்ந்து வாசிக்கிறான். பாட்டு முடியும் நேரத்தில் விளக்கு வந்துவிடுகிறது. முன்வரிசையில் சித்தி. நாயகி ஓடிவிடுகிறாள்.

வழக்கமான கதையில் நள்ளிரவு இருட்டில் மாயம் கலையும். இங்கே வெளிச்சம் வந்ததும் கலைகிறது. பழைய கதையை இப்படித் தலைகீழாகத் திருப்ப முடிகிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். முகம் ஏன் தெரியவில்லை என்ற பெரிய தொல்லையும் இதிலேயே தீர்ந்துவிட்டது.

சரி, செருப்பு எங்கே? இருட்டில் வாசிக்கும்போது அந்தப் பையன் ஒரு கார்டை, அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்தை, தவறாகப் பிடிக்கிறான். பாட்டு சி மேஜரில் இருக்கிறது. மூன்றாவது வரியில் எஃப் மேஜர் வர வேண்டிய இடத்தில் எஃப் மைனர் விழுந்துவிடுகிறது. மெட்டு அங்கே சதுஸ்ருதி தைவதம் என்ற மேல் 'த'வில் நிற்க வேண்டும். அவள் ஒரு நொடி கூடத் தயங்காமல் அரைச் சுருதி இறங்கிச் சுத்த தைவதம் என்ற கீழ் 'த'வைப் பிடித்து, அவன் தவறைச் சரியாக்கிவிடுகிறாள். கூட்டத்தில் யாரோ கைபேசியில் பதிவு செய்கிறார்கள். ஆனால் அந்த வரி வரும்போது கைதட்டல் எழுந்து அந்த ஸ்வரத்தை மூடிவிடுகிறது. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

மறுநாள் பதிவு பரவுகிறது. சித்தியின் மகள் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, "நான்தான் பாடினேன்" என்கிறாள். அவள் குரல் இயல்பாக மேல் ஸ்தாயியில் ஒலிப்பது. நாயகியின் கனத்த குரலைப் போல ஒலிக்கத் தொண்டையை அழுத்திக் கீழே இறக்குகிறாள். குதிகாலை வெட்டிக்கொள்வது இதுதான். கடைசிக் காட்சியில் பையன் எல்லோர் முன்னாலும் வேண்டுமென்றே அதே தவறான கார்டை வாசிக்கிறான். சகோதரி சரியான மெட்டைப் பாடுகிறாள், இரண்டும் மோதிக் காது கூசுகிறது. திரைக்குப் பின்னால் கேபிளைச் சுற்றிக்கொண்டிருக்கும் நாயகி, தன்னை அறியாமல், அரைச் சுருதி இறங்கி முனகுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான்.

இதில் வசனமே தேவையில்லை. இசை தெரியாத பார்வையாளருக்கும் ஒன்று உறுத்துவதும் ஒன்று பொருந்துவதும் காதிலேயே தெரியும். உங்கள் கதை வேறாக இருக்கலாம், தாளமாக இருக்கலாம், ஆட்ட அடியாக இருக்கலாம். ஆனால் சாட்சி இப்படிக் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்.

படி 4: பாட்டுக்கு இடம் குறியுங்கள்

பேசினால் போதாது என்ற நிலை வரும்போதுதான் பாத்திரம் பாட வேண்டும். திரைக்கதையின் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கடைசி வசனத்தைப் படித்துப்பாருங்கள். அந்த வசனத்தோடு காட்சி முடிந்தாலும் குறையில்லை என்று தோன்றினால் பாட்டு அங்கே வேண்டாம். அதேபோல் பாட்டு முடியும்போது ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்: ஒரு முடிவு, ஓர் உறவு, ஒரு ரகசியம்.

அரை மணி நேரத்துக்கு நான்கு பாட்டு போதும். நம் மாதிரிக் கதையில் முதல் பாட்டு நான்காவது நிமிடத்துக்குள் வந்துவிடும். நாயகிக்கு என்ன வேண்டும் என்று பார்வையாளர் அதில் தெரிந்துகொள்ள வேண்டும். தாலாட்டின் முதல் இரண்டு வரி மட்டும், முனகலாக, கேபிள் சுற்றும் ஓசையையே தாளமாக வைத்து. இரண்டாவது, சகோதரியின் பாட்டு. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தனக்குப் பிடித்த பாட்டை ஒரு நாளும் தானே தேர்ந்தெடுக்காத பெண் அவள். அதை அவள் பாடிவிட்டால், பிற்பாடு அவள் பொய் சொல்லும்போது நமக்குக் கோபத்தோடு வருத்தமும் வரும். மூன்றாவது, இருட்டுப் பாட்டு, படத்தின் நடுவில். நான்காவது, முடிவு.

தேடல் பகுதிக்குத் தனிப் பாட்டு போடாமல், தாலாட்டின் துண்டுகளை எல்லோரும் முணுமுணுப்பதாகக் காட்டலாம். படிக்கட்டில் ஒருவன் விசிலடிக்கிறான், வகுப்பில் ஒருத்தி மேசையில் தட்டுகிறாள். ஒரே மெட்டு படம் முழுவதும் வேறு வேறு ஆடையில் வந்தால், கடைசியில் அந்த அரைச் சுருதி மாற்றம் எல்லோருக்கும் கேட்கும். மெட்டு பார்வையாளரின் காதில் ஏறியிருந்தால்தான் மாறியது தெரியும். அதனால் மாறாத வடிவத்தைக் குறைந்தது மூன்று முறையாவது கேட்க வையுங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு பாட்டுக்குப் பொருந்தாது. எட்டு வரிப் பாட்டு மூன்று நிமிடம் ஓடலாம். பாட்டுகளின் நேரத்தைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: மெட்டும் வரியும்

பதின்வயதுக் குரலுக்கு மெட்டு போடும்போது முதலில் பாடப்போகிறவரின் குரலைக் கேளுங்கள், பிறகு சுருதியை முடிவு செய்யுங்கள். உங்கள் கிட்டாருக்கு எது வசதி என்பது அப்புறம். நீங்கள் முதலில் சி மேஜரில் போட்ட பாட்டு பாடகிக்குக் கீழே போய்விட்டால், தயங்காமல் பாட்டு முழுவதையும் இரண்டு சுருதி ஏற்றுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்கும் மெட்டே பாதுகாப்பு. ஒத்திகையில் எட்டிய உச்ச ஸ்வரம் இரண்டு மாதம் கழித்து எட்டாமல் போகலாம். ஒலிப்பதிவுக்கு முந்தைய வாரம் ஒரு முறை சரிபார்த்து, தேவைப்பட்டால் இறக்கிவிடுங்கள். வற்புறுத்திக் கத்த வைப்பது குரலையும் கெடுக்கும், காட்சியையும் கெடுக்கும்.

வரிகளில் பாத்திரம் பேசும் சொற்களே இருக்கட்டும். "என் இதயச் சிறகு" என்று பதினாறு வயதுப் பெண் யாரிடமும் சொல்வதில்லை. "கேபிள் சுத்தத் தெரிஞ்ச கை, மைக் பிடிக்கக் கூடாதா?" என்று கேட்பாள். இழுத்துப் பாட வேண்டிய ஸ்வரத்தில் நெடில் வைத்தால் வாய் திறந்து குரல் விரியும். அங்கே 'ட்', 'க்' என்று முடியும் சொல்லை வைத்தால் குரல் முட்டி நிற்கும். முட்டி நிற்பதே வேண்டிய இடம் என்றால் தாராளமாக வையுங்கள்.

படி 6: முதலில் பதிவு, பிறகு படப்பிடிப்பு

இந்த வரிசையை நான் ஒரு முறை மாற்றிப் பார்த்து நன்றாகப் பட்டிருக்கிறேன். நேரம் இல்லை என்று, பிள்ளைகளை நேராகக் கேமரா முன் பாட வைத்துவிட்டு, பிற்பாடு ஸ்டூடியோவில் பதிவு செய்து ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். ஒவ்வொரு டேக்கிலும் வேகம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தது. எந்த வாயசைவும் எந்தப் பதிவோடும் பொருந்தவில்லை. முகத்தைக் காட்ட முடியாமல் கை, கால், முதுகு என்று வெட்டி ஒட்டிப் பாட்டை முடித்தோம். அந்தப் பெண் அன்று மிக நன்றாக நடித்திருந்தாள், அது ஒன்றும் திரைக்கு வரவில்லை.

அதனால் பாட்டை முழுவதும் பதிவு செய்து, நீளத்தை முடிவு செய்த பிறகே படப்பிடிப்புக்குப் போங்கள். பதிவின்போது காதில் தாளம் காட்டும் கிளிக் ஓசை ஓடட்டும், வேகம் நிலையாக நிற்கும். வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எடிட்டிங்கை நினைத்துக்கொண்டால் இன்னும் வசதி. நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்தால், நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஒவ்வோர் அடியும் சரியாக 12 ஃபிரேம். நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் 48 ஃபிரேம். வெட்ட வேண்டிய இடம் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

இருட்டுப் பாட்டு மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கிளிக் வைத்தால் இயந்திரம் மாதிரி ஒலிக்கும். அந்த அறையிலேயே, இருவரும் பக்கத்தில் நின்று, நேரடியாகப் பாடி வாசித்துப் பதிவு செய்யுங்கள். 2012-ல் வந்த 'லே மிசராப்ல்' படத்தில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார்கள். காதுக்குள் ஒரு சின்னக் கருவியில் பியானோ ஒலிக்க, பியானோ வாசிப்பவர் அவர்களுடைய வேகத்தைப் பின்தொடர்ந்தார். மூச்சும் தயக்கமும் வேண்டிய இடத்தில் அந்த வழி அழகாக வேலை செய்யும். நம் காட்சி இருட்டு என்பதால் வாயசைவுக் கவலையும் குறைவு.

படி 7: ஆட்டமும் படப்பிடிப்பும்

பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு நடிக்கும்போது, உதட்டை மட்டும் அசைக்க வேண்டாம், உண்மையாகவே சத்தமாகப் பாடச் சொல்லுங்கள். பாடும்போது கழுத்து நரம்பு இறுகும், நெஞ்சு ஏறி இறங்கும். சும்மா வாயசைத்தால் அது வராது, பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நான்கு எண்ணிக்கை ஒலி சேர்த்துவைத்தால் சரியான இடத்தில் தொடங்க முடியும்.

பாட்டின் நடுவே வசனம் வந்தால், வசன நேரத்தில் ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் வசனத்தோடு பாட்டும் பதிவாகி, பிறகு பிரிக்கவே முடியாது.

ஆட்டத்தை எட்டு எண்ணிக்கையாகப் பிரித்துப் பழக்குங்கள். முதலில் பாதி வேகம். ஆடத் தெரியாத பாத்திரம் கதையில் உண்டு என்றால் அவரை ஓரத்தில் ஒளிக்காதீர்கள், அவர் நடப்பதையே ஆட்டமாக்குங்கள். நம் நாயகி கேபிளைத் தோளில் எட்டுப் போல் சுற்றுகிறாளே, அந்த அசைவுதான் முதல் பாட்டின் ஆட்டம். கடைசிப் பாட்டில் மேடையில் எல்லோரும் அதே அசைவை ஆடும்போது தனி விளக்கமே வேண்டாம்.

மெதுவாக நகரும் காட்சியில் வாயசைவு மட்டும் சரியாக வர வேண்டுமா? கேமராவை நொடிக்கு 48 ஃபிரேமில் வைத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடிகரை அந்த வேகத்தில் பாடச் சொல்லுங்கள். 24-ல் ஓட்டினால் உதடு பாட்டோடு பொருந்தும், தலைமுடியும் உடையும் மிதக்கும்.

இருட்டுக் காட்சியை உண்மையான இருட்டில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. கூட்டத்தின் கைபேசி வெளிச்சம் தூரத்தில் புள்ளியாக இருக்கட்டும், திரையின் ஓரத்தில் நீலம் கலந்த மங்கல் ஒளி ஒன்று போதும். அவள் கை மட்டும், அவன் கிட்டார் கம்பி மட்டும். தவறான கார்டு விழும் கணத்தில் கேமரா அவன் விரலில் இருக்க வேண்டும். விரல் நழுவுவது, ஒரு நொடி உறைவது, அவள் குரல் வந்து பொருந்தியதும் தளர்வது. இதை ஒரே ஷாட்டாக எடுங்கள். இந்த ஒரு ஷாட்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நடிப்பவர்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்பதால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், நேரத்துக்கு ஓய்வு, தண்ணீர், ஆடுவதற்கு வழுக்காத தரை ஆகியவற்றை முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

படி 8: எடிட்டிங்

முதலில் பாட்டின் ஒலியை வரிசையில் வைத்து, அதன்மேல் படத்தை அடுக்குங்கள். எல்லா வெட்டையும் அடியிலேயே வைத்தால் பத்து நொடியில் சலித்துவிடும். சில வெட்டுகளை மூச்சு எடுக்கும் இடத்தில் வையுங்கள். பேச்சிலிருந்து பாட்டுக்குள் போகும் இடத்தில், இசை தொடங்குவதற்கு முன்பே அறையின் ஓசையைத் தாளத்துக்குள் இழுத்துவிட்டால் தாவல் தெரியாது: கடிகாரம், மின்விசிறி, கேபிள் தரையில் உரசுவது.

முடிவுக் காட்சிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். படத்தைப் பார்க்காத இரண்டு பேரைக் கூப்பிட்டு, முதல் காட்சியிலிருந்து ஓடவிட்டு, கடைசிக் காட்சியில் திரையை அணைத்துவிடுங்கள். ஒலி மட்டும் ஓடட்டும். கிட்டார் அந்தக் கார்டை வாசிக்கும். சகோதரியின் குரல் மோதும். கொஞ்சம் தள்ளி, மைக் இல்லாமல், இன்னொரு குரல் அரைச் சுருதி இறங்கும். அந்த இடத்தில் கேட்பவர்கள் தலை தூக்கினால் செருப்பு பொருந்திவிட்டது. தூக்காவிட்டால் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், தாலாட்டை இன்னொரு முறை கேட்க வைக்க ஓர் இடம் தேடுங்கள்.